அமாவாசையும் ஜமீன் தோட்டத்துக் குட்டையும்

"கால உள்ள இழு. இன்னும் கொஞ்சம். ஆங், அப்பிடியே இரு, ஆடாத."

அம்மா நாலு அடி பின்னால் போய் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். திருப்தி இல்லை. திரும்ப வந்து புடவை மடிப்பை இழுத்து அக்காவின் இடது காலை மூடினாள். மறுபடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

அக்கா உட்கார்ந்திருந்தது ஒரு கல் பெஞ்சு. மேலே மகிழமரம். பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. அக்காவின் மடியில் ஒரு கூடை மல்லிகையும் கனகாம்பரமும் கொட்டியிருந்தார்கள். கையில் நார். அந்த நார் நனைந்த வாசனையும் மகிழம்பூ வாசனையும் கலந்து இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"அவங்க வந்தா எழுந்துக்காத. மடியில பூ இருக்குதுன்னு நான் சொல்லிக்கறேன். நீ கைய மட்டும் கூப்பு. புரியுதா?"

அக்கா பூ கட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ வாயத் தொறந்தே, வீட்டுக்குப் போயி இருக்குது."

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொடரை இத்தனை வாரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை

திருத்தணியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. தறிக்காரர் வீடுகளுக்கு அமாவாசைதான் லீவு. மாதத்தில் அந்த ஒருநாள் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்தது முதல் தெரு முழுக்க லொடக் லொடக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, எங்கள் வீட்டில் ஒருவர் ரகசியம் பேசினால் கோடி வீட்டுக்காரர் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார்.

அமாவாசையன்று காலையில் எழுந்தால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். காக்காய், அடிபம்பு, எங்கோ ரயில். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம் அமாவாசை பார்த்து லீவு விடாது அல்லவா? அதனால் எனக்கு அமாவாசைக்கு அமாவாசை தவறாமல் வயிற்றுவலி வரும். எங்கள் டீச்சர் கடைசியில் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு உனக்கு வயித்துவலியா?" என்று முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஒருநாளில் நைனா எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுவார். நைனா என்றால் அப்பா. எங்கள் எல்லைப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே பானையில் வெந்தவை. வீட்டில் எந்த வார்த்தை எந்த மொழி என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. அம்மாவை அம்மா என்போம், அப்பாவை நைனா என்போம். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

"உக்கார எடம் இருக்குதா?"

ஊர் உலகமெல்லாம் திருத்தணிக்கு மலையேற வரும். நாங்கள் மலையை விட்டுவிட்டு வெளியே ஓடுவோம். அம்மா குறைப்பட்டுக்கொள்வாள்.

"நல்ல நாளும் அதுவுமா மலைக்குப் போவாம இன்னா தோட்டம் வேண்டிக்கெடக்குது?"

"சாமி எங்கயும் ஓடிப்போவாது. மேலருந்து தெனம் நம்மள பாத்துகினுதான் இருக்குது. தோட்டம் நம்மகிட்ட வருமா?" என்பார் நைனா.

பூண்டி ஏரிப் பூங்காவுக்குப் போயிருக்கிறோம். சந்திரகிரிக் கோட்டைக்குப் போய், ராஜா குளித்த இடம் எது, ராணி குளித்த இடம் எது என்று சண்டை போட்டிருக்கிறோம். எந்த ஊரில் எந்தப் பெரிய மனிதர் பங்களா கட்டித் தோட்டம் போட்டிருந்தாலும் நைனாவுக்கு எப்படியோ தகவல் வந்துவிடும். தகவல் சொன்னவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள உக்கார எடம் இருக்குதா? பெஞ்சு கிஞ்சு?"

பூவைப் பற்றிக் கேட்கமாட்டார். மரத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். பெஞ்சு. நைனா சோம்பேறி, போன இடத்தில் உட்காரத்தான் பார்க்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது எனக்கே ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் உறைத்தது. தோட்டம் என்றால் சமதரை. நிழல். இருபது அடிக்கு ஒரு பெஞ்சு. அதெல்லாம் வசந்தா அக்காவுக்காக.

அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் காலை முன்னால் கொண்டுவந்து வைப்பாள். தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது. அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து ராட்டையில் தார், அதாவது தறி நாடாவுக்குள் போகும் நூல் கண்டு, சுற்றுவாள். எங்கள் தெருவில் அவள் சுற்றிய தார் என்றால் நூல் அறாது. பாட்டு ஒரு தடவை கேட்டால் அப்படியே பாடுவாள். தறிச் சத்தத்துக்கு நடுவே தெருமுனையில் நைனாவின் சைக்கிள் திரும்புவது அவளுக்குக் கேட்கும். எழுந்து போய் சோற்றுப் பானையை இறக்குவாள், நைனா உள்ளே வருவார்.

இதையெல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை. மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்று தடவையும் அக்கா காபித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தாள். பத்தடிகூட இருக்காது. மூன்று தடவையும் காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். மூன்றாவது கூட்டம் போன பிறகு அக்கா ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இனிமே தட்டு எடுக்கமாட்டேன்."

அவள் அழுதிருந்தால் அம்மா சமாதானம் சொல்லியிருப்பாள். அழவில்லை. ராட்டையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரிக்கே

அம்மாவின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில் ஒரு தறிக்காரக் குடும்பம். ஒரே பையன், பெயர் பாஸ்கர். எங்கள் மாமா ஒருவர் மூலமாக வந்த பேச்சு. பெண்ணின் காலைப் பற்றி மாமா அவர்களிடம் சொல்லவில்லை. அம்மா சொல்ல வேண்டாம் என்றிருந்தாள்.

"ஒரு தடவ மொகத்த பாக்கட்டும். பேச்ச கேக்கட்டும். பிடிச்சிப்போச்சின்னா அப்பறம் கால சொல்லிக்கலாம்" என்பது அவள் கணக்கு.

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. "மறைச்சி கட்டிக் குடுத்துட்டு, அது அங்க போயி பேச்சு கேக்கறதா?" என்று இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டோடு சண்டை போட்டார். அம்மா பதிலுக்கு அழுதாள். நைனாவுக்கு அழுகைக்கு எதிராக வாதாடத் தெரியாது.

ஒரு சிக்கல் இருந்தது. தறிக்காரர்கள் எல்லோருக்கும் அமாவாசைதான் லீவு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் அமாவாசையன்று நல்ல காரியம் பேசமாட்டார்கள். நமக்கு நிறைந்த நாள், அவர்களுக்கு ஆகாத நாள். நடுவில் ஒரு மைல்கல்தான். அதற்குள் அமாவாசையின் குணம் மாறிவிடும்.

அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பெண் பார்க்க வரவேண்டாம், ஊரிக்கே தோட்டம் பார்க்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஊரிக்கே என்றால் தெலுங்கில் சும்மா. சும்மா ஒரு தோட்டத்துக்கு அவர்களும் வருகிறார்கள், நாங்களும் போகிறோம், தற்செயலாகப் பார்த்துக்கொள்கிறோம். இதில் நாள் எங்கே வந்தது, நட்சத்திரம் எங்கே வந்தது? பையனின் அம்மா ஒத்துக்கொண்டார்.

இடம், பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பழைய ஜமீன் பங்களா. பேரைச் சொல்லமாட்டேன். வாரிசுகளுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறதாம், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள். உள்ளே ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. அமாவாசைக்கு அதைத் திறக்கும்போது தோட்டத்தையும் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். நாங்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை போயிருந்தோம். வாசலில் மூக்கு உடைந்த சிமென்ட் சிங்கம் இரண்டு. பெரணிச்செடி வைத்திருந்த கண்ணாடி வீடு, அதில் கண்ணாடி பாதிதான். பங்களாவுக்குள் விடமாட்டார்கள். ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தால் ஒரு பாடம் செய்த புலி தெரியும். அதற்கு ஒரு கண்தான். நான் அந்தப் புலிக்குப் பயந்ததைவிட அதற்காக வருத்தப்பட்டதுதான் அதிகம்.

கடைசியில், தோட்டம் சரிந்து இறங்கும் இடத்தில், ஒரு குட்டை. உடைந்த படிகள், அல்லி இலைகள். அதில் ராஜா காலத்து ஆமை ஒன்று இருப்பதாகத் தோட்டக்காரர் சொல்வார். நான் பார்த்ததில்லை.

குட்டைக்குத் தெலுங்கில் குண்ட்ட என்று பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூ கொட்டிய நேரம்

நகரிக்காரர்கள் மூன்று பேராக வந்தார்கள். முன்னால் பையனின் அம்மா. உயரமாக, பச்சை நிறப் புடவையில், குடையை ஊன்றிக்கொண்டு. பின்னால் அவருடைய வீட்டுக்காரர். அவருக்கும் பின்னால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு பாஸ்கர்.

நைனா கேட்டுக்கே ஓடிப்போய் அழைத்துவந்தார். பதற்றத்தில் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேச வந்தது.

"உள்ள ஒரு குட்ட இருக்குதுங்க. அதுல ஒரு ஆம இருக்குதுங்க. ராஜா காலத்து ஆமங்க."

வழியெல்லாம் ஆமை புராணம்தான். பெஞ்சுக்கு அருகில் வந்தார்கள். அக்கா உட்கார்ந்தபடியே கை கூப்பினாள். பெரியவர்கள் வந்து நிற்க, எழுந்துகொள்ளாமல் ஒரு பெண். அம்மா வேகமாக முன்னால் வந்தாள்.

"மடியில பூ இருக்குதுங்க, அதான். சாமிக்கு கட்டிகினு இருக்கா."

நகரிக்காரம்மா அக்காவைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். முகத்தை, விரல்களை, கட்டிய பூவை. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"குண்ட்டேதி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்க் காதுக்கு அந்த வார்த்தை உடம்பில் வேறொரு பாகம் மாதிரி கேட்கும். பத்து வயதில் அதைவிடப் பெரிய நகைச்சுவை ஏது? வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அம்மாவைப் பார்த்தால், அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்கிவிடுகிறேன். குண்ட்ட என்றால் குட்டை என்று சொன்னேன். குண்ட்டி என்றால் நொண்டி. ஏதி என்றால் எங்கே. குண்ட்ட ஏதி என்று கேட்டாலும், குண்ட்டி ஏதி என்று கேட்டாலும், வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகித்தான் வெளியே வரும்: குண்ட்டேதி. குட்டை எங்கே? நொண்டி எங்கே? கேட்டவருக்குத்தான் வெளிச்சம்.

அம்மா கொட்ட ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சிபோச்சாங்க? மறைக்கணும்னு இல்லீங்க. மூணு வயசுல ஜுரத்துல போன காலுங்க. அவ மேல தப்பு இல்லீங்க, நான்தான் உக்கார வெச்சேன். வேல எல்லாம் செய்வாங்க, தண்ணி எடுப்பா, சமைப்பா, அவ சுத்துன தாரு அறாதுங்க..."

கண்ணில் தண்ணீர். மூச்சு விடவில்லை. நகரிக்காரம்மா குடையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.  பாஸ்கர் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போன நைனா மட்டும், "இன்னா ஆச்சி? இன்னா கேட்டாங்க?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

அப்போது அக்கா எழுந்தாள்.

மடியிலிருந்த பூ மொத்தமும் தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. இடது கையை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா, இன்னாத்துக்கு அழுவற? அவங்க குட்டய கேக்கறாங்க. நைனா ஆமன்னு சொன்னாருல்ல, அதான் குண்ட்டேதின்னு கேக்கறாங்க" என்றாள்.

பிறகு நகரிக்காரம்மாவைப் பார்த்து, "குட்ட அந்தாண்ட இருக்குதுங்க. கொஞ்சம் தூரம் நடக்கணும். வாங்க, நான் காட்டறேன்" என்றாள்.

நடந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தடி இல்லை இது. ரோஜாப் பாத்தியைச் சுற்றி, கண்ணாடி வீட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, நூறு தப்படிக்கு மேல் இருக்கும். தோட்டம் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நடுவில் அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள். ஒரு பெஞ்சிலும் உட்காரவில்லை.

நானும் ஓடப் பார்த்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். அதனால் முதுகுகளைத்தான் பார்த்தேன். நகரிக்காரம்மா முதலில் பின்னால் நடந்தார். பிறகு பக்கத்தில் நடந்தார். பிறகு குடையை விரித்தார். குடை இரண்டு பேருக்கும் மேலே இருந்தது.

 பாஸ்கர் திடீரென்று குனிந்து உட்கார்ந்து, சிதறிய பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மண் ஒட்டியதை ஊதி ஊதிக் கூடையில் போட்டார். எனக்கு அந்த நிமிஷத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நகரிக்காரம்மாவின் புடவைக் கரை நனைந்திருந்தது. நைனாவைப் பார்த்து, "ஆமய பாத்தோம்ங்க" என்றார். அவ்வளவுதான். கிளம்பும்போது, "அமாவாச போவட்டும். சேதி சொல்லி அனுப்பறேன்" என்றார்.

சொல்லி அனுப்புகிறேன் என்று நாலாவது தடவையாகக் கேட்கிறோம். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஒன்பது நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பத்தாம் நாள், நகரி பஸ் கண்டக்டர் தெருவுக்குள் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"வளர்பிறையில நல்ல நாளா பாத்து தட்டு மாத்த வரோம்னு சொல்லச் சொன்னாங்க. பொண்ணு தட்டு எடுக்க வேணாமாம், அவங்களே எடுத்துகினு வராங்களாம்."

குட்டைக்கரையில் அக்கா எதைப் பற்றிப் பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக் கதை

நல்லது நடந்துவிட்டால் அதில் யாராவது ஒருவரைக் கோமாளியாக்கிச் சிரிப்பது எங்கள் குடும்ப வழக்கம். இந்தக் கதையில் கோமாளி அம்மா. குட்டை எங்கே என்று கேட்டதற்குக் குய்யோ முறையோ என்று அழுது எல்லாவற்றையும் உளறிக்கொட்டியவள். கல்யாணத்தில் சொன்னோம், சீமந்தத்தில் சொன்னோம், பிள்ளைகள் பிறந்து பேச ஆரம்பித்ததும் அவர்களுக்குச் சொன்னோம். வீட்டில் யார் எதைத் தப்பாகக் காதில் வாங்கினாலும், "குண்ட்டேதி!" என்று கத்துவோம். நான் அம்மா மாதிரி அழுது நடிப்பேன். மூக்கைச் சிந்துவதுவரை செய்வேன். அம்மா முந்தானையால் என்னை அடிக்க வருவாள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "அடுத்து அந்தத் தோட்டத்துக் கதைய எழுதப் போறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.  "முழுசா எழுதுறதுன்னா எழுது. இப்போ எங்க வீட்டு அத்தெயும் இல்ல, நம்ம அம்மாவும் இல்ல. யாருக்கும் சங்கடம் இல்ல" என்றாள்.

முழுசு என்று அவள் சொன்னது இதுதான்.

அதே பெஞ்சு

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு அமாவாசை. நகரியிலிருந்து அவர்கள், திருத்தணியிலிருந்து நாங்கள், பிள்ளை குட்டிகளோடு அதே ஜமீன் தோட்டத்துக்குப் போனோம். சிங்கத்துக்கு இப்போது தலையே இல்லை. புலியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மகிழமரமும் கல் பெஞ்சும் அப்படியே இருந்தன.

நகரிக்காரம்மாவை நான் அத்தம்மா என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், நான் துணைக்கு உட்கார்ந்தேன். அக்கா தன் பிள்ளைகளையும் என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு குட்டைக்குப் போனாள். "குண்ட்டேதி, குண்ட்டேதி" என்று பாடிக்கொண்டே போனார்கள். அக்காவின் நடைக்கு ஏற்ப, குதிக்காமல், மெதுவாகத்தான் போனார்கள்.

அத்தம்மா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அன்னிக்கி நான் குட்டய கேக்கலம்மா."

எனக்குப் புரியவில்லை.

"வர்ற வழியில பஸ்ல ஒருத்தி. எங்க போறீங்கன்னா, தோட்டம் பாக்கன்னு சொன்னேன். திருத்தணில இன்னாரு வீடு தெரியுமான்னு கேட்டேன். ஆங், அந்த குண்ட்டி பொண்ணு வீடான்னா. எனக்கு பகீர்னு ஆயிப்போச்சி. வந்து பாத்தா, மகாலச்சுமி மாதிரி ஒருத்தி பூ கட்டிகினு இருக்கா. இவளுக்கு இன்னா கொற? இவ வேற யாரோ, அந்த பொண்ண எங்கயோ ஒளிச்சி வெச்சிகினாங்கன்னு நெனச்சேன். அதான் அவருகிட்ட குண்ட்டி ஏதின்னு கேட்டேன். அவ காதுல விழும்னு நெனைக்கல."

நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"உங்கம்மா அழ ஆரம்பிச்சதும் எனக்கு தெரிஞ்சிபோச்சி, அவங்களுக்கு சரியாதான் கேட்டுச்சின்னு. மானம் போச்சேன்னு நிக்கறேன். திரும்பி பஸ்ஸ புடிக்கலாம்னுகூட தோணிச்சி. இவ எழுந்தா பாரு. எழுந்து நின்னு, குட்டய கேக்கறாங்கன்றா. நான் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்னு பதிலும் சொல்லிட்டா, என் தலைய குனியவும் விடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டுதான் அப்பிடி சொன்னாளான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல. ஆனா அவளுக்கு காது எப்பிடின்னு உனக்கு தெரியுமில்ல?"

தெரியும். தெருமுனையில் சைக்கிள் திரும்புவது கேட்கும் காது.

இலை போட்ட பிறகு

மாமரத்தடியில் அம்மா ஜமுக்காளம் விரித்து, தூக்குகளைத் திறந்து, இலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நான் மூக்குச் சிந்தி நடித்ததெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது. 

"அம்மா. அன்னிக்கி நீ தப்பா கேக்கலியாம். அத்தம்மா குண்ட்டின்னுதான் சொன்னாங்களாம்" என்றேன்.

அம்மா இலையில் தண்ணீர் தெளித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எனக்கு இன்னா காது அவிஞ்சா போச்சி? உங்க நைனாவா நானு?"

"அப்பறம் ஏம்மா இத்தினி வருஷம் நாங்க சிரிச்சப்போ எல்லாம் சும்மா இருந்தே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா? அவ மாமியாரே அவள அப்பிடி கேட்டாங்கன்னு ஆயிடும். அந்த வீட்டுல பொழைக்கப் போறவ. அவளே குட்டன்னு மாத்திட்டா, நான் இல்ல நொண்டின்னுதான் கேட்டாங்கன்னு சண்டைக்கி நிக்கணுமா?" அம்மா அடுத்த இலையை விரித்தாள். "என் பொண்ணு அத்தினி பேரு முன்னாடி எழுந்து நடந்தாடி. நான் போட்டு மூடி மூடி வெச்சேன், அவ எழுந்து நடந்தா. அதுக்கு நான் கேனச்சியா இருந்துட்டு போறேன், இன்னா இப்போ?"

குட்டையிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஆமையைப் பார்த்தார்களாம். இவ்வளவு பெரிது என்று என் பெண் கையை விரித்தாள். பின்னால் அக்கா கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி ஏறி வந்தாள். பாவா, அதாவது அந்தப் பூப் பொறுக்கிய பாஸ்கர், தன் அம்மாவைத் தாங்கி அழைத்து வந்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார். நைனாவுக்கு எப்போதும் போல அவர் இலை மேல் மட்டும்தான் கவனம்.

என் பெண் என்னைத் தொட்டாள்.

"அம்மா, அம்மம்மா எப்பிடி தப்பா கேட்டு அழுதாங்கன்னு செஞ்சி காட்டு."

 அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். எப்போதும் செய்வது போலச் செய் என்கிற முறைப்பு அது.

செய்தேன். "தெரிஞ்சிபோச்சாங்க? மறைக்கணும்னு இல்லீங்க..." என்று முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மூக்கைச் சிந்தி, ஒரு வார்த்தை விடாமல் செய்து காட்டினேன். பிள்ளைகள் ஜமுக்காளத்தில் உருண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எல்லோரையும்விட அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள்.

அத்தம்மா சிரிக்கவில்லை. தூக்கைத் தன் பக்கம் இழுத்து, முட்டி வலியோடு எட்டிக் குனிந்து, அம்மாவின் இலையில் இன்னொரு கரண்டி புளியோதரை வைத்தார்.